சிந்திய பாதரசம்

போன மாதம் எங்கள் வீட்டுத் தெர்மாமீட்டர் கை தவறி விழுந்து உடைந்தது. "பாட்டி, முத்து முத்தா ஓடுது பாரேன்!" என்று கை நீட்டினான் பேரன். "தொடாதேடா கண்ணா!" என்று அவனை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னல்களைத் திறந்தேன். துடைப்பம் மட்டும் எடுத்துவிடாதீர்கள், இன்னும் பொடியாகச் சிதறும். டார்ச் அடித்துத் தேடி, கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் சேர்த்தேன். ஒரு கிராம் இருந்தால் அதிகம். அதற்கே இடுப்பு ஒடிந்தது.

அப்போது கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. 2001இல் மூடினார்கள். 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. சரி, மண்ணில் ஊறியது? தோண்டி, கழுவி, சூடாக்கிப் பிரிக்கத் திட்டம் போட்டார்கள். சுத்தம் செய்தபின் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை மிஞ்சலாம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். போதாது என்றார்கள் போராடியவர்கள். கீழேயே பாம்பார் சோலை. தண்ணீரில் இறங்கும் பாதரசம் உருமாறி மீனில் சேரும், அதைச் சாப்பிடும் கர்ப்பிணியின் சிசு வரை போகும்.

தொழிற்சாலை எழும்பும் மனைக்கு ஒரு கணக்காம், குழந்தை விளையாடும் மண்ணுக்கு வேறு கணக்காம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

பேரனை மறுநாள்தான் கூடத்தில் விட்டேன். பாட்டில் இன்னும் பரண்மேல்தான். குப்பையில் போட மனசு வரவில்லை, யாரிடம் ஒப்படைப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.