எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஒரு கேள்வி

 

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற்குரல், "எங்கே அழைத்துச் செல்வீர்கள்?" என்பதுதான். செங்கற்பட்டுச் சீமையில் வாழும் நமக்கு அதற்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கோவளம் தர்கா, முட்டுக்காட்டுப் படகுத்துறை, எம்.ஜி.எம். கேளிக்கைப் பூங்கா, இன்னும் மேலே சென்றால் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்கா என்று வரிசையாக வருகின்றன. இவை போதாவென்று திருப்போரூருக்கு அருகே வொண்டர்லா என்னும் பெரும் பூங்காவும் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டுவிட்டது.

காலையில் உள்ளே நுழைந்து, இராட்டினத்தில் சுற்றி, நீரில் விளையாடிக் களைத்த பிள்ளைகளுக்கு ளுஹர் வேளையில் பசி எடுக்கிறது. வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தைப் பெரும்பாலான பூங்காக்களில் வாயிற்காவலரே நிறுத்தி வைத்துவிடுகிறார். உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் பொரித்த கோழியின் மணம். இந்த இடத்தில் நம்மவர் இரு கூறாகப் பிரிந்து விடுகின்றனர். ஒரு சாரார் எதையும் கேளாமல் வாங்கி உண்கின்றனர். மற்றொரு சாரார், "இங்கே எல்லாம் ஹராம்!" என்று ஒரே சொல்லில் அதட்டி, அழும் குழந்தையின் கையில் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலைத் திணித்து அமர்த்துகின்றனர். இவ்விரு சாராரிடமும் எனக்குச் சொல்ல வேண்டிய செய்தி உண்டு. அதற்குமுன் இந்தக் கோழியின் வரலாற்றைச் சற்றுப் பார்த்துவிடுவோம். அது சுவையான வரலாறு.

பூங்காவுக்குள் கோழி வந்ததாக நாம் எண்ணுகிறோம். ஆனால் அமெரிக்காவின் புகழ்பெற்ற பூங்காக்களுள் ஒன்று கோழியினால் பிறந்தது என்பதைப் பலர் அறியார். கலிஃபோர்னியா மாநிலத்தில் வால்டர் நாட் என்னும் உழவர் பெர்ரிப் பழத்தோட்டம் வைத்திருந்தார். நாடெங்கும் பொருளாதார நெருக்கடி நிலவிய 1934ஆம் ஆண்டில், அவர்தம் மனைவி கார்டீலியா அம்மையார், திருமணத்தின்போது கிடைத்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, வழிப்போக்கர்க்குப் பொரித்த கோழி விருந்து பரிமாறத் தொடங்கினார். முதல் நாள் விற்றவை எட்டே சாப்பாடுகள். நாளடைவில் உணவுக்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கலாயினர். காத்திருப்போர் சலிப்படையாமல் இருக்க 1940இல் பழங்கால ஊர் ஒன்றின் தோற்றத்தை அருகிலேயே அமைக்கத் தொடங்கினார் கணவர். அதுவே வளர்ந்து நாட்ஸ் பெர்ரி பண்ணை என்னும் கேளிக்கைப் பூங்கா ஆயிற்று. அதற்குச் சில மைல் தொலைவில் 1955இல் டிஸ்னிலாண்ட் எழுந்தது. இவ்விரு பூங்காக்களில் எதன் கோழி சிறந்தது என்னும் வாதம் அவ்வூராரிடையே இன்றும் நடக்கிறது.

அந்த அம்மையாரின் கோழியை உண்ண வந்தவர்களுக்கு அதை யார் சமைத்தார் என்பது தெரிந்திருந்தது. நம் பூங்காக்களில் கோழியைப் பொரித்த கை எது, அறுத்த கை எது என்பது எவருக்கும் தெரியாது. என் கவலை முழுவதும் இதுதான்.

பொரித்த கோழி நமக்கு அயலார் கற்றுத் தந்ததன்று. சென்னை அண்ணா சாலையில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஏ.எம். புஹாரி அவர்கள் 1951இல் தொடங்கிய உணவகத்தில்தான் 1965ஆம் ஆண்டு 'சிக்கன் 65' முதன்முதலில் பரிமாறப்பட்டது என்று அவ்வுணவகத்தார் கூறுகின்றனர். பெயர்க் காரணத்திற்கு வேறு கதைகளும் உலவுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தேநீர்க்கடைக் கற்பனைகள். மாவுறை பூண்ட அமெரிக்கக் கோழியோ நம் நாட்டிற்கு 1995இல், கே.எஃப்.சி. நிறுவனம் பெங்களூரில் கடை திறந்தபோது வந்தது. அழுத்தச் சட்டியில் எண்ணெயை ஊற்றிப் பொரிக்கும் முறையை அதன் நிறுவனர் சாண்டர்ஸ் 1939லேயே கையாண்டார். மூடியிட்டு அழுத்தத்தில் பொரிப்பதால் நேரமும் குறைகிறது, இறைச்சியின் ஈரமும் வெளியேறாமல் நிற்கிறது. நம் வாணலிக் கோழி வெளியே மொறுமொறுப்பாகி உள்ளே வறண்டுவிடுவதற்கும், அந்தக் கோழி சாறு சொட்டுவதற்கும் காரணம் இதுவே, மந்திரம் ஒன்றுமில்லை.

இனி நம் பூங்காக்களுக்கு வருவோம். கடந்த சில விடுமுறைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்தக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உள்ள பூங்கா உணவகங்களில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். பெயர் சொல்வது என் நோக்கமன்று. அவை மூன்று வகையாக இருந்தன.

முதல் வகையில், மாவுறைக் கோழியை மதியத்திற்கு முன்பே பொரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குச் சூட்டில் அடுக்கி வைத்திருந்தனர். கூட்டம் மிகுந்த நாளில் அடுத்தடுத்துப் பொரிப்பதால் நன்றாக இருந்தது. கூட்டம் இல்லாத நாளில் உள்ளிருந்து எழும் ஆவியால் மேலுறை நனைந்து, ஈரத் துணிபோல் உரிந்து வந்தது. இரண்டாம் வகையில், பூங்காவின் சொந்தச் சமையற்கூடத்தில் தயிரும் மிளகாயும் இஞ்சி பூண்டும் தடவி, கேட்ட பிறகே வாணலியில் இட்டனர். காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சுவையில் மற்ற இரண்டும் இதன் அருகே நிற்க முடியாது. கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் கூடவே பொரிந்து வரும் அந்த மணத்திற்கு ஈடில்லை. மூன்றாம் வகை, குத்தகைக்கு விடப்பட்ட சிறு கடைகள். உறைய வைத்த கோழித் துண்டுகளை அட்டைப் பெட்டியிலிருந்து நேரே எண்ணெயில் கொட்டினர். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே சுவை. குழந்தைகளுக்கோ இதுதான் பிடிக்கிறது!

நாவுக்கு இந்த வரிசை சரி. ஹலால் பற்றிய தெளிவு என்று வரும்போது வரிசை மாறிவிடுகிறது. சுவையில் முதலிடம் பெற்ற புதுக்கோழிக்குச் சான்று ஏதுமில்லை. அது எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது சமையற்காரருக்கு மட்டுமே தெரியும். சுவையில் கடைசி நின்ற உறைகோழியின் பெட்டியிலோ தயாரித்த ஆலையின் பெயர் இருக்கிறது. சிலவற்றில் ஹலால் முத்திரையும் இருக்கிறது. "அந்தப் பெட்டியைச் சற்றுக் காட்டுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுகின்றனர். ஆலைகளில் மின்னதிர்ச்சி கொடுத்தலும் இயந்திரக் கத்தியும் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறப்பதற்கில்லை. எனினும் ஒன்றுமே அறியாத நிலைக்கு அது மேல்.

சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தை ஹலால் சான்று என்று கருதுவோர் உளர். பதினான்கு இலக்க எண் கொண்ட அந்த உரிமம் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உரியது. அறுப்பைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.

அப்படியானால் என்ன கேட்பது? "இது ஹலாலா?" என்றுதான் நாம் கேட்கிறோம். "ஆமாம் சார்" என்ற விடை உடனே வருகிறது. பரிமாறும் பிள்ளை பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைப்புக்காக வந்தவர். தாடியையும் தொப்பியையும் புர்காவையும் பார்த்தவுடன் நமக்கு உவப்பான விடையைத் தர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பொய் சொல்வதாக நான் கூறவில்லை. அவருக்குத் தெரியாத ஒரு மார்க்கச் சட்டத் தீர்ப்பை நாம் அவரிடம் கேட்கிறோம். பிழை கேள்வியில் இருக்கிறது.

ஹனஃபீ மத்ஹபின் பெருநூலாகிய ஹிதாயாவில் இதற்கு நெருக்கமான சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் தம்மிடம் வேலை செய்யும் முஸ்லிமல்லாத பணியாளை இறைச்சி வாங்கி வர அனுப்புகிறார். திரும்பி வந்த பணியாள், "முஸ்லிமிடமிருந்து, அல்லது வேதக்காரரிடமிருந்து வாங்கினேன்" என்று சொன்னால், அதை உண்ணலாம் என்கிறது அந்நூல். காரணம், அவர் சொன்னது கொடுக்கல் வாங்கல் பற்றிய செய்தி. அத்தகைய செய்தியில் எம்மதத்தவரின் சொல்லும் ஏற்கப்படும். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் எழுதிவைத்த இந்த நுட்பம் இன்றைய பூங்கா உணவகத்திற்கு எவ்வளவு பொருந்துகிறது, பாருங்கள்! ஆகவே, பரிமாறும் பிள்ளையை விட்டுவிட்டு மேலாளரையோ கொள்முதல் செய்பவரையோ அணுகி, "கோழி எந்தக் கடையிலிருந்து வருகிறது? அறுப்பவர் யார்?" என்று கேளுங்கள். "கேளம்பாக்கத்தில் ஒரு பாய் கடை, உயிர்க்கோழியாக எடுத்து அங்கேயே அறுத்து வாங்குகிறோம்" என்பது ஒரு விடை. "மொத்த வியாபாரி வண்டியில் கொண்டுவந்து போடுகிறார், யாரென்று தெரியாது" என்பதும் ஒரு விடைதான். இரண்டுமே பயனுள்ளவை. இரண்டாம் விடை கிடைத்தால் ஒதுங்கிக்கொள்வதே பேணுதல்.

அறுப்பவர் பிஸ்மி சொன்னாரா என்று அதற்குமேல் துருவ வேண்டுமா? வேண்டெனவே கூறாமல் விட்டால் அது ஆகாது என்பது ஹனஃபீகளின் நிலை. ஷாஃபிஈகளிடம் அது சுன்னத். ஆயினும், அறுப்பவர் முஸ்லிமாகவோ வேதக்காரராகவோ இருக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. முஸ்லிம் அறுத்தார் என்று தெரிந்துவிட்டால் நல்லெண்ணம் கொள்வதே முறை. இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியிருந்த மக்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என அறியோமே என்று முறையிட்டவர்களுக்கு, நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தியை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கோழியைப் பொறுத்தே இன்னொரு செய்தியும் உண்டு. கோழி அழுக்கைத் தின்பதைக் கண்டேன் என்று அருவருத்து ஒதுங்கிய ஒருவரை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அருகே அழைத்து, நபி (ஸல்) அவர்கள் கோழி உண்டதைத் தாம் பார்த்ததாகக் கூறினார்கள். இரண்டும் புகாரீயில் இடம்பெற்றவை. கேளாமல் உண்பவர்க்கு இவை அனுமதிச் சீட்டல்ல. கேட்டுத் தெளிந்த பின்னும் ஐயத்தை வளர்த்துக்கொண்டே போகிறவர்க்கு இவை மருந்து.

இப்போது அந்த உருளைக்கிழங்கு வறுவலுக்கு வருவோம். கோழி வேண்டாம் என்று விலக்கிய தாய் நிம்மதியாக வாங்கித் தருகிறாரே, அது எந்த எண்ணெயில் பொரிந்தது? சிறு கடைகளில் இருப்பது பெரும்பாலும் ஒரே சட்டி. முறைப்படி அறுக்கப்படாத கோழி செத்த பிராணியின் சட்டத்தில் அடங்கும்; அது நஜீஸ். அது வெந்த எண்ணெயில் வெந்த கிழங்கும் அதன் வழியே செல்லும். கோழிக்காக எழுந்த பேணுதல் கிழங்கின்முன் உறங்கிவிடலாமா? "இதற்குத் தனிச் சட்டி உண்டா?" என்பது கேட்க எளிதான கேள்வி. சைவ உணவு உண்ணும் நம் அண்டை வீட்டாரும் இதையே கேட்கின்றனர். அதனால் பல உணவகங்களில் தனிச் சட்டி வைத்தும் இருக்கின்றனர்.

சட்டியைப் பார்க்கப் போன கண் எண்ணெயையும் பார்க்கட்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கேடான சேர்மங்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாட்டின் சட்டம். அளவிடும் கருவி நம் கையில் இல்லை. ஆனால் கருத்து, கெட்டித்து, நுரை கட்டிப் புகையும் எண்ணெயைக் கண்டுகொள்ள எந்தத் தாய்க்கும் கருவி தேவையில்லை. கண்ணைப் பறிக்கும் செந்நிறமும் அவ்வாறே; மிளகாய் தரும் சிவப்பு எது, சாயம் தரும் சிவப்பு எது என்பதை விரலில் ஒட்டும் நிறமே சொல்லிவிடும். கபாபில் செயற்கை நிறம் சேர்ப்பதை அண்டை மாநிலமான கர்நாடகம் 2024இல் தடை செய்தது. தொட்டுக்கொள்ளத் தரும் மயோனைஸ் பற்றியும் ஒரு சொல். பச்சை முட்டையில் செய்யப்படும் அதற்கு நம் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. வெயிலில் மணிக்கணக்காக நிற்கும் கிண்ணத்திலிருந்து பிள்ளைக்கு எடுத்துத் தராதிருப்பதற்குத் தடையாணை வேண்டுமா என்ன? எலும்பருகே இறைச்சி செம்மை படர்ந்திருந்தால் மட்டும் அஞ்ச வேண்டாம். ஆறு வாரக் கறிக்கோழியின் இளம் எலும்பிலிருந்து கசியும் நிறம் அது. வெந்த பின்னும் தெரியும். சதை வழவழப்பாக இருந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் கேட்டும் தெளிவு பிறக்கவில்லையெனில், பிள்ளைகளை அதட்டாமல், பூங்காவில் ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொண்டு மாலையில் மாமல்லபுரம் வந்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய கடைகளில் மீனை நம் கண்ணெதிரே கழுவி, மசாலா தடவித் தோசைக்கல்லில் போடுகின்றனர். மீனுக்கு அறுப்பும் இல்லை, அறுத்தவர் யார் என்ற கேள்வியும் இல்லை. அந்தக் கல்லில் கோழி ஏறுவதுண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வஞ்சிரமும் சங்கராவும் எல்லார்க்கும் ஆகும். கடம்பா வறுவல் கேட்கும் பிள்ளைக்கு, அது ஷாஃபிஈ வீடானால் வாங்கித் தரலாம். தந்தை ஹனஃபீ, தாய் ஷாஃபிஈ என்றிருக்கும் வீடுகளில் அந்தத் தட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அவரவர் பேசி முடித்துக்கொள்ளட்டும்.