அண்ணாந்து பார்ப்போம்

வானத்தைப் பார்த்தபடி முற்றத்தில் நிற்கும் பெண் பிள்ளையைக் கண்டால் எமது வீடுகளில் உடனே ஒரு கேள்வி எழும்: "என்ன புள்ள, வேல ஒண்டும் இல்லையா?" அதே பிள்ளை ஒரு மணித்தியாலம் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், படிக்கிறாள் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். முகில் பார்ப்பது சோம்பேறிகளின் வேலை அல்ல. அது மனதுக்கும் அறிவுக்கும் நல்லதொரு பழக்கம். தனியே பார்ப்பதை விடத் தோழியரோடு சேர்ந்து பார்ப்பது இன்னும் நல்லது என்பதே என் கருத்து.

1802ஆம் ஆண்டு லண்டனில் லூக் ஹோவார்ட் என்பவர், நண்பர்கள் கூடும் ஒரு சிறிய அறிவியல் கழகத்தில் முகில்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவருடைய தொழில் மருந்துப் பொருட்கள் தயாரிப்பது. வானத்தைக் கவனித்தது ஓய்வு நேரத்தில்தான். கணத்துக்குக் கணம் உருமாறும் முகில்களையும் வகை பிரித்துப் பெயரிடலாம் என்று அவர் காட்டினார். எமது புவியியல் பாடத்தில் வரும் கீற்று முகில், திரள் முகில், படை முகில், கார் முகில் என்பவற்றுக்கு மூலம் அந்தக் கட்டுரைதான். பரீட்சைக்காக நாம் மனனம் செய்த இந்தப் பெயர்களை எம்மில் எத்தனை பேர் தலைக்கு மேலே தேடிப் பார்த்திருக்கிறோம்?

தேடினால் எமது கிழக்குக் கரையில் எல்லாமே கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வரண்ட கச்சானாக எம்மிடம் வருகிறது. அந்த நாட்களில் மேற்கே தூரத்தில் மலைப்பக்கமாக முகில்கள் குவிந்து நிற்க, எங்கள் தலைக்கு மேல் வெயில் காயும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், காலையில் பஞ்சுப் பொதி போலிருந்த திரள் முகில் பின்னேரம் கோபுரமாக உயர்ந்து, உச்சி தட்டையாக விரிந்து, இடியோடு பெய்யும். வாடைக் காலத்தில் ஒரே சாம்பல் நிறப் போர்வை வானத்தை மூடிக்கொள்ளும். கடலுக்குப் போகிறவர்களும் வெள்ளாமை செய்கிறவர்களும் இவற்றையெல்லாம் பார்த்துத்தான் வேலையைத் தீர்மானித்தார்கள். அந்தக் கண் எம் தலைமுறையோடு மங்கிப் போகக் கூடாது.

சேர்ந்து பார்ப்பதில் என்ன இலாபம்? ஒரே பின்னேரத்தில், ஒரே நேரத்தில், கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் மூன்று தோழியர் ஒரே முகிலைப் படமெடுத்தால் மூன்றும் வேறுவேறாக இருக்கும். தூரத்தில் நிற்பவளுக்கு அது வெயிலில் மின்னும் வெள்ளைக் கோபுரம். அதற்கு நேர் கீழே நிற்பவளுக்கு இருண்ட கூரை. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முகிலின் முழு உருவம் விளங்கும்.

உலக அளவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2005இல் பிரித்தானியாவில் கவின் பிரெட்டர் பின்னி என்பவர் முகில் இரசிகர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். அதன் உறுப்பினர்கள் அனுப்பிய படங்களில், கொந்தளிக்கும் கடலைக் கீழிருந்து பார்ப்பது போன்ற ஒரு தோற்றம் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்று அவர்கள் வாதாடினார்கள். உலக வளிமண்டலவியல் அமைப்பு 2017 மார்ச் 23இல் வெளியிட்ட சர்வதேச முகில் ஏட்டின் புதிய பதிப்பில் அது 'அஸ்பெரிட்டாஸ்' என்ற பெயருடன் இடம்பிடித்தது. ஒருவர் மட்டும் எடுத்திருந்தால் வெறும் அழகான படமாகப் போயிருக்கும். பலர் பல இடங்களில் எடுத்ததால் அது சான்றாகியது.

எம்மைப் போன்ற மாணவிகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெண் பிள்ளைகளின் படங்கள் இணையத்தில் எங்கெங்கோ போய்ச் சேரும் என்று உம்மாமாரும் வாப்பாமாரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. முகிலைப் படமெடுப்பவள் தன் முகத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. நான் அழகாக விழுந்திருக்கிறேனா, எத்தனை 'லைக்' வந்தது என்ற கவலையும் இல்லை. மிச்சமாவது பார்த்த மகிழ்ச்சி மட்டுமே. அதனால்தான் வர்ணங்களை மாற்றும் 'பில்டர்'களையும் நான் ஏற்க மாட்டேன். வானத்தில் இல்லாத சிவப்பைப் படத்தில் ஏற்றினால் தோழியை ஏமாற்றியதாகிவிடும்.

அறிவியல் புகுந்தால் அழகு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கிலோமீற்றர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட ஒரு சாதாரணத் திரள் முகிலில் ஏறத்தாழ 500 தொன் நீர் சின்னஞ்சிறு துளிகளாக மிதக்கிறது. இதை அறிந்த பிறகு முகிலைப் பார்த்தால் வியப்புக் கூடுமா, குறையுமா? முகில்கள் ஒன்று சேர்ந்து மழையாவதை நீ பார்க்கவில்லையா என்ற கருத்தில் ஸூரதுந் நூரின் 43ஆம் வசனம் கேட்கிறது. பார்க்கும்படி எம்மைத் தூண்டும் கேள்வி அது.

மகிழ்ச்சியோடு அவதானமும் வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட எமது மூத்தவர்களுக்குக் கருமுகில் வெறும் அழகல்ல. இடிச் சத்தம் கேட்டால் படம் போதும், உள்ளே வந்துவிட வேண்டும். சூரியனை நேரே பார்க்கவும் கூடாது. எச்சரிக்கை வந்தால் வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பரீட்சை நெருங்கும் அக்காமார் நேரமில்லை என்பார்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஸுப்ஹுக்குப் பிறகு கிழக்கே கடல் பக்கமாக ஒரு பார்வை, பாடசாலை விட்ட பின் மேற்கே ஒரு பார்வை. எமது கல்லூரியில் ஒரு முகில் வட்டம் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தேவைப்படுவது ஒரு கொப்பியும் அறிவித்தல் பலகையில் ஓர் ஓரமும்தான். திகதி, நேரம், திசை, முகிலின் பெயர், பிறகு மழை பெய்ததா இல்லையா என்று எழுதுவோம். வீட்டில் எடுத்த படங்களை அச்சிட்டு ஒட்டுவோம். ஆனால் தயவுசெய்து இதையும் போட்டியாக்கிப் பரிசு கொடுக்க வேண்டாம். முதலிடம், இரண்டாமிடம் இல்லாத ஒரு மகிழ்ச்சியாவது எமக்கு இருக்கட்டும்.

நாளை இடைவேளையில் மைதானத்துக்கு வாருங்கள் தோழியரே. முதற் பக்கத்தில் எந்த முகிலை எழுதுவது என்று சேர்ந்தே தீர்மானிப்போம்.