நம்மைவிடச் சிறியோருக்கும் நீதி!



திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர் நாக்கில் ஊறுவது பிரியாணி. அது பாரசீகச் சொல். 1755-ல் ஹைதர் அலி இந்த ஊரில் ஏற்ற பதவி ‘பவுஜ்தார்’. அந்தப் பெயரும் பாரசீகம் வழி வந்ததே. பட்டாவுக்கு நாம் நடையாய் நடக்கிறோமே தாசில்தார் அலுவலகம், அந்த ‘தார்’ கூட பாரசீகம்தான்.

இவ்வளவு நெருக்கமான பாரசீகத்தின் பழைய மார்க்கம் பற்றி நமக்கு என்ன தெரியும்? ‘நெருப்பு வணங்கிகள்’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறோம். இது நியாயமா?

ஜரதுஷ்டிரர் போதித்த மார்க்கம் அது. படைத்தவனை அஹுரா மஸ்தா என்று அழைப்பார்கள். வேதம் அவெஸ்தா. நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் மூன்றும் அவர்களின் அடிப்படை. நெருப்பை ஒளிக்கும் தூய்மைக்கும் சின்னமாகக் கொள்வதாக அவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் கொள்கையில் மலையளவு வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறர் கொள்கையை அவர்கள் சொல்கிறபடி அறிந்து பேசுவதே நேர்மை.

கி.பி. 651-ல் கடைசி சாசானிய மன்னர் யஸ்தகிர்து கொல்லப்பட்டார். பாரசீகப் பேரரசு வீழ்ந்ததை நம் மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். வென்றபின் தோற்றவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நம் முன்னோர் காட்டிய வழியைப் பேசுகிறோமா?

திருக்குர்ஆனின் 22-ஆவது அத்தியாயம் மஜூஸிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களிடம் ஜிஸ்யா பெறக் கலீபா உமர் (ரலி) தயங்கினார்கள். ஹஜர் பகுதி மஜூஸிகளிடம் நபி (ஸல்) அவர்கள் ஜிஸ்யா பெற்றதை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) சாட்சி சொன்ன பிறகே ஏற்றார்கள். ஜிஸ்யா வெறும் வரியல்ல. செலுத்துவோரின் உயிருக்கும் உடைமைக்கும் வழிபாட்டுக்கும் அரசு பொறுப்பேற்கும் உடன்படிக்கை அது. அகழ்ப் போரில் அகழ் தோண்ட யோசனை சொன்ன ஸல்மான் பார்ஸி (ரலி) மஜூஸிக் குடும்பத்தில் பிறந்தவர்தாமே!

ஆனால் பிற்கால மன்னர்கள் அந்த உடன்படிக்கையைக் காத்தார்களா? இல்லை என்றே வரலாறு சொல்கிறது. ஈரானில் எஞ்சிய ஜரதுஷ்டிரர்கள் வறுமையிலும் இழிவிலும் தள்ளப்பட்டார்கள். பம்பாய் பார்சிகள் 1854-ல் மானெக்ஜி லிம்ஜி ஹதாரியாவை அங்கே அனுப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் அவர் மன்றாடியும் 1882-ல்தான் நாசிருத்தீன் ஷா அந்த மக்கள் மீதிருந்த ஜிஸ்யாவை நீக்கினார். பாதுகாப்புக்கென்று வந்த ஏற்பாடு, பாதுகாப்பு போய்ச் சுமையாக மட்டும் மிஞ்சியிருந்தது. இதைச் சொல்ல நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? மார்க்கத்தின் கட்டளை வேறு, மன்னர்களின் நடத்தை வேறு.

ஈரானிலிருந்து முன்னரே குஜராத் கரைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே பார்சிகள். தாதாபாய் நவ்ரோஜியும் ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் அந்தச் சமூகத்தினர். சென்னை இராயபுரத்தில் 1910 முதல் அவர்களின் அக்னி ஆலயம் இருக்கிறது. 2008-ல் மறைந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா அடக்கமானது நம் ஊட்டியில். 2001-ல் 69,601 பேராக இருந்த பார்சிகள், 2011 கணக்கெடுப்பில் 57,264 பேர். அந்த ஆண்டில் முஸ்லிம்கள் 17 கோடிக்கு மேல்!

தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் 1993-ல் வெளியான அறிவிக்கையில் நம்மோடு சேர்த்து அறிவிக்கப்பட்டவர்கள் அவர்கள். 17 கோடிக்கும் அரை லட்சத்துக்கும் ஒரே சட்டம், ஒரே உரிமை. உரிமை தலை எண்ணி வருவதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சமுதாயச் சொந்தங்களே! நம்மைவிடப் பெரியோரிடம் நீதி கேட்கும் நாம், நம்மைவிடச் சிறியோருக்கு நீதி வழங்குகிறோமா? பேகம்பூர் போல நாம் நிறைந்து வாழும் பகுதிகளில் மாற்று மதக் குடும்பம் ஒன்று இருந்தாலும், அது அச்சமின்றி வாழ வேண்டும். அதற்கு நாமே பொறுப்பு. ஆலிம்கள் இதை ஜும்ஆ மேடைகளில் எடுத்துச் சொல்லட்டும். மத்ரஸாக்களில் பிள்ளைகள் உமர் (ரலி) அவர்களின் வெற்றியோடு அவர்களின் நீதியையும் படிக்கட்டும்.

கேட்கிற கை கொடுக்கவும் கற்றால்தான் நம் கோரிக்கைக்கு மதிப்பு!