பழைய கணிப்பொறியைப் பழிக்கலாமா?

"பழைய கணிப்பொறி, இனி உதவாது, புதியது வாங்குங்கள்!" இத்தீர்ப்பை நாம் பல இடங்களில் கேட்கிறோம். பெட்டியைத் திறந்துகூடப் பாராமல் வழங்கப்படும் இத்தீர்ப்பு நியாயமானதுதானா? மாணவியராகிய நாம் சற்றே சிந்திப்போம்.

2004-ஆம் ஆண்டையொட்டி வந்த மேசைக் கணிப்பொறிகள் சிலவற்றுள் இரண்டு, மூன்று ஹார்டு டிஸ்க்குகள் இருப்பதுண்டு. பழைய ஐ.டி.ஈ. வகையும், 2003-இல் புதிதாக வந்த சாட்டா வகையும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும். ஒருநாள் அவற்றுள் ஒன்று திரையில் தோன்றாமல் போகும். உடனே, "டிஸ்க் போய்விட்டது" என்கிறோம். உண்மையில் குற்றவாளி வேறாகவும் இருக்கலாம்.

ஐ.டி.ஈ. வகையில் அகன்ற நாடா போன்ற ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகளை இணைக்கலாம். ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்'. ஜம்பர் என்னும் சிறு மூடியை எந்த ஊசிகளில் மாட்டுகிறோமோ, அதைப் பொறுத்தே இது அமையும். இரண்டையும் மாஸ்டர் ஆக்கிவிட்டால் ஒன்றோ இரண்டுமோ கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சாட்டா வகையில் இத்தொல்லை இல்லை. ஒரு டிஸ்க்குக்கு ஒரு கேபிள். ஆனால் அந்தச் சிறிய கேபிள் நாளடைவில் தளர்ந்துவிடுவதுண்டு.

மற்றொரு குற்றவாளி, மதர்போர்டில் உள்ள காசு போன்ற 3 வோல்ட் பாட்டரி. அது தீர்ந்தால் கடிகாரம் தவறும். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அமைப்பும் மறந்துபோகும். மலிவான ஒரு பாட்டரிக்காக முழுக் கணிப்பொறியையும் தள்ளிவைப்பது அறிவுடைமை ஆகுமா?

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். முதலில் மின் இணைப்பை முற்றிலும் அகற்றுவோம். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்குவோம். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். எந்தக் கேபிள் எங்கிருந்தது எனத் தாளில் குறித்துக்கொண்டு, எல்லா டிஸ்க்குகளையும் கழற்றி, ஒன்றை மட்டும் இணைப்போம். பயாஸ் திரையில் அதன் பெயர் தெரிந்தால் மின் இணைப்பை மீண்டும் நீக்கி அடுத்ததைச் சேர்ப்போம். எதைச் சேர்த்ததும் குறை திரும்புகிறதோ, அதன்மேல் ஐயம் கொள்ளலாம். அப்போதும் கேபிளை மாற்றிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரையில் "ஃபார்மட் செய்யலாமா?" என்று கேள்வி வந்தால், "வேண்டாம்" என்பதே நம் விடையாகட்டும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என ஓசை எழுந்தால் உடனே நிறுத்திவிட்டு, அறிந்தவரை நாடுவோம். டிஸ்க்கைக் கடையில் வாங்கலாம்; மறைந்த பாட்டியின் புகைப்படத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே, டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போதே அதில் உள்ளவற்றுக்கு வேறோரிடத்தில் படி எடுத்து வைப்பதே சாலச் சிறந்தது.

பழைய கணிப்பொறியையே என்றென்றும் கட்டியழ வேண்டும் என நாம் கூறவில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவி 2014-இல் நின்றுவிட்டது. அதை இணையத்தோடு இணைப்பது தகாது. விடை கொடுக்க வேண்டிய காலம் வந்தால் கொடுப்போம். ஆனால் உள்ளே இருப்பதைக் காப்பாற்றிய பின்பே கொடுப்போம்.

"பெண் பிள்ளைக்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு?" என்று கேட்போர் இன்றும் உளர். தையல் ஊசியில் நூல் கோக்கும் விரல்களுக்கு ஜம்பரை மாற்றுவது அரிய செயலன்று. பெற்றோரே, வீட்டுக் கணிப்பொறி பழுதானால் மகனை மட்டும் அழைக்காதீர்கள். மகளையும் அருகில் அமர்த்துங்கள். அன்புச் சகோதரிகளே, ஆசிரியைகளே, ஒதுக்கி வைத்த ஒரு பழைய கணிப்பொறியை எங்களிடம் தாருங்கள்; உங்கள் மேற்பார்வையில் பிரித்துப் பூட்டிக் கற்கிறோம்.

தோழியரே! ஒவ்வொன்றாகச் சோதிப்போம், ஆராய்ந்த பின்னரே தீர்ப்பளிப்போம். இப்பழக்கம் கணிப்பொறிக்கு மட்டுமன்றி, நம் வாழ்வுக்கும் துணை நிற்கும்.