எதற்கு வடக்கு? யாருக்கு வடக்கு?

நிலத்துக்குப் பெயரிட உரியவர் அதில் வாழ்வோரா, ஏடெழுதும் அலுவலரா? இவ்வினாவுக்கு விடை வேண்டுவோர் இமயமலை மாநிலமாகிய சிக்கிமின் மாவட்ட வரலாற்றை நோக்குக!

அந்நிலத்துக்குப் பெயர் குறைவா? இலெப்சா மக்கள் அதனை மாயெல் லியாங் என்றனர். பூட்டியா மக்கள் நெல் விளையும் பள்ளத்தாக்கு எனப் பொருள்படத் தென்சோங் என்றனர். சிக்கிம் என்பதே 'புது வீடு' எனப் பொருள்தரும் இலிம்புச் சொல்லின் வழிவந்தது என்பர். ஆட்சி ஏட்டிலோ கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு மாவட்டங்கள்!

1975 மே 16-இல் மன்னராட்சி நீங்கிச் சிக்கிம் இந்தியாவின் 22-ஆம் மாநிலமாயிற்று. கொடி மாறியது, ஆள்வோர் மாறினர், திசைப் பெயர்கள் மாறவில்லை. 1977-இல் நேபாளியோடு பூட்டியாவும் இலெப்சாவும் ஆட்சிமொழிகளாயின. 1981-இல் இலிம்புவும் சேர்ந்தது. மொழிக்கு அரியணை தந்தவர்கள், அம்மொழி வழங்கும் மண்ணுக்கு அதிலிருந்து ஒரு பெயர் தந்தார்களா?

மாநிலப் பரப்பு 7,096 சதுரக் கிலோமீட்டர். அதில் 4,226 சதுரக் கிலோமீட்டர் 'வடக்கு' என்னும் ஒற்றைச் சொல்லுள் அடைபட்டது. இலெப்சா மக்களுக்கென ஒதுக்கப்பெற்ற சோங்குப் பகுதியும் அதனுள் அடங்கியதே. எதற்கு வடக்கு? யாருக்கு வடக்கு? தலைநகரில் நிற்பவனுக்கு அது வடக்கு. அம்மண்ணில் நிற்பவனுக்கோ அதுவே நடு!

2021 திசம்பரில் விழிப்பு வந்தது. வடக்கு மங்கன் ஆயிற்று, தெற்கு நாம்சி, மேற்கு கியால்சிங், கிழக்கு காங்டாக். கிழக்கினின்று பாக்யோங்கும் மேற்கினின்று சோரெங்கும் பிரிய, மாவட்டங்கள் ஆறாயின. மாநிலமாகி 46 ஆண்டு கழிந்த பின்னரே இத்திருத்தம்!

நன்று, ஆயினும் நிறைவன்று. இவை யாவும் மாவட்டத் தலைமை அலுவலகம் அமைந்த ஊர்களின் பெயர்கள். திசை எழுந்துபோன இருக்கையில் அலுவலகம் வந்தமர்ந்துள்ளது.

"பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா?" என எள்ளுவார் உளர். பெயர் பயனற்றதாயின், ஆள்வோர் அதனைத் தம் கையிலேயே வைத்திருப்பது ஏன்? பிறப்புச் சான்றிலும் நில ஆவணத்திலும் பள்ளி ஏட்டிலும் ஒருவனை இன்ன மண்ணினன் எனக் காட்டுவது அப்பெயரன்றோ? இரு தலைமுறை எழுதாத பெயரை மூன்றாம் தலைமுறை சொல்லவும் அறியாது. பெயர் மறைந்த மண்ணில் மொழியும் நெடுநாள் நில்லாது.

எல்லையை அரசு வரையட்டும். பெயரை மண்ணின் மக்கள் சொல்லட்டும்!