உள்ளுக்குள் ஓர் ஒத்தடம்

இடுப்புப் பிடித்துக்கொண்டது, முழங்காலை மடக்க முடியவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது ஒத்தடம்தான். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவார்கள். உப்பு மூட்டை, நொச்சி இலை, வெந்நீர்ப் பை என்று வீட்டுக்கு வீடு ஒரு சம்பிரதாயம் உண்டு. எதுவானாலும் சூடு பட்டதும் "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு வருகிறதே, அது வெறும் மனப்பிராந்தி அல்ல. சூடு பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இறுகிப்போன தசை இளகுகிறது. வலியும் சற்று அடங்குகிறது.

ஆனால் இந்தச் சூடு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது? தோலோடும், அதை அடுத்த கொஞ்சம் சதையோடும் சரி. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, கம்பளி போர்த்தினாற்போல் சூட்டைத் தடுத்துவிடுகிறது. அதைத் தாண்டிப் போவதையும் ஓடுகிற ரத்தம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. இன்னும் சூடாக வைத்தால் தோல் கொப்புளிக்குமே தவிர, ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கு எதுவும் போய்ச் சேராது.

அப்படியானால் அடுப்பை உள்ளேயே மூட்டிவிட்டால் என்ன? இந்த விசித்திரமான யோசனையைத்தான் 'டயாதெர்மி' என்கிறார்கள். கிரேக்க மொழியில் 'டயா' என்றால் ஊடே. 'தெர்மே' என்றால் வெப்பம். மின்சாரத்தைக் கொண்டு உடம்பின் ஆழத்திலேயே வெப்பத்தை உண்டாக்குவது இதன் வேலை.

"மின்சாரமா? தொட்டால் தூக்கி எறிந்துவிடுமே!" என்று நீங்கள் பயப்படுவது நியாயம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று வீதம் முன்னும் பின்னுமாகத் திசை மாறிப் பாய்கிறது. இந்த வேகத்தில் அது நரம்புகளை உலுக்கிவிடும். தசைகளை வெட்டி இழுக்கும். 1890-ஆம் ஆண்டை ஒட்டி, ஆர்ஸேன் தார்ஸோன்வால் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்த வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தார். விநாடிக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலே போனதும் உலுக்கலும் இழுப்பும் மறைந்துவிட்டன. இதமான சூடு மட்டும் தெரிந்தது! காரணம் சுலபம். ஒரு நரம்பு விழித்தெழுவதற்குச் சிறிது அவகாசம் வேண்டும். கதவைத் தட்டியவன், வீட்டுக்காரர் எழுந்து வருவதற்குள் ஓடிவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். நரம்பு எழுவதற்குள் மின்சாரம் திசை மாறிவிடுகிறது.

ஜெர்மானிய டாக்டர் கார்ல் நாகெல்ஷ்மிட் இந்தச் சிகிச்சைக்கு 'டயாதெர்மி' என்று நாமகரணம் செய்து, 1913-ல் அதைப் பற்றி ஒரு பாடப் புத்தகமே எழுதினார். இப்போது ஆஸ்பத்திரிகளில் 'எஸ்.டபிள்யூ.டி.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இயந்திரத்தில் மின்சாரம் விநாடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் சுற்றுச் சுற்றுகிறது. அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். ஆம், ரேடியோவில் 'சிற்றலை' என்று கேட்டிருப்பீர்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ரேடியோவோடு உள்ள இந்த உறவினால் ஒரு ரசமான சம்பவம் நடந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில், 1940-ஆம் ஆண்டு, ஜெர்மன் விமானங்கள் இரவில் இங்கிலாந்தின் மீது குண்டு போட வந்தபோது ரேடியோக் கதிர்களை வழிகாட்டியாகக் கொண்டு பறந்தன. அந்தக் கதிரைக் குழப்பிவிட உடனே ஒரு கருவி வேண்டும். பிரிட்டிஷார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரிகளிலிருந்து டயாதெர்மி இயந்திரங்களை வாங்கிவந்து, சிறிது மாற்றியமைத்து, கதிரின் அலைவரிசையில் ஒரே இரைச்சலாகக் கிளப்பிவிட்டார்கள்! முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுத்த இயந்திரம் யுத்தத்துக்கே போய்விட்டது.

சிகிச்சையின்போது நடப்பது இதுதான். மரக் கட்டிலிலோ மர நாற்காலியிலோ உங்களை உட்கார வைப்பார்கள். முழங்காலுக்கு இரு பக்கமும் இரண்டு தகடுகள் நிற்கும். அவை தோலைத் தொடுவதில்லை. துண்டோ வெறும் இடைவெளியோ நடுவே இருக்கும். இயந்திரத்தை முடுக்கியதும், உடம்பின் நீரிலும் உப்பிலும் உள்ள நுண்ணிய துகள்கள் அலைக்கேற்ப இங்கும் அங்கும் துடிக்கின்றன. குளிரில் இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்தால் சூடேறுகிறதல்லவா? அதுபோல் அந்தத் துடிப்பே உள்ளுக்குள் சூடாகிறது. பதினைந்து இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இனிச் சொல்வதைத்தான் சகோதரிகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று காட்டும் முள் எதுவும் இந்த இயந்திரத்தில் கிடையாது. வெளியே சுழலும் குமிழ், உள்ளே அனுப்புகிற சக்தியைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். "இதமாக இருக்கிறதா? சுடுகிறதா?" என்று கேட்டு, நீங்கள் சொல்கிற பதிலை வைத்தே அளவை நிர்ணயிக்கிறார்கள். உங்கள் வாய்தான் அங்கே தெர்மாமீட்டர்! ஆனால் நம் பெண்களுக்கோ, அடுப்படியில் கை சுட்டாலும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டு பழக்கம். "நிறையச் சுட்டால் நிறையக் குணமாகும்" என்று ஒரு நம்பிக்கை வேறு. இந்தப் பொறுமை இங்கே உதவாது. சூட்டை உணரும் நரம்பு முனைகள் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. ஆழத்தில் சதை வெந்தால் அது சுடுவதாகத் தெரியாமல், குடைகிற வலியாகத்தான் தெரியும். இதமான சூட்டைத் தாண்டி எது தோன்றினாலும் உடனே சொல்லிவிடுங்கள்.

இதே காரணத்தால், சர்க்கரை வியாதியினால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. கேட்டால் சரியான பதில் சொல்ல அவர்கள் காலுக்கே தெரியாதே!

அடுத்தது உலோகம். அலைகள் உலோகத்தில் குவிந்து, பக்கத்துச் சதையைச் சுட்டுவிடும். கொலுசு, மெட்டி, வளையல், கைக்கடிகாரம், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழுத்துக்கோ தோளுக்கோ சிகிச்சை என்றால் தாலிச் சங்கிலிக்கும் இதே விதிதான். மனம் சங்கடப்பட்டால், அதுவரைக்கும் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்ளலாம். பாட்டிமார் காட்டிய வழிதானே! வியர்வையும் ஈரத் துணியும்கூட ஆபத்து, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கழற்ற முடியாத உலோகமும் உண்டு. எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, செயற்கை மூட்டு, இதயத்தைத் துடிக்கச் செய்யும் 'பேஸ்மேக்கர்', கர்ப்பத் தடைக்கு வைத்த 'காப்பர் டி' ஆகியவற்றைப் பற்றி, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும். மூளையில் மின்கம்பி பதித்திருந்த நோயாளிகள் டயாதெர்மிக்குப் பிறகு இறந்துபோன செய்தியை அடுத்து, உடம்புக்குள் இப்படிக் கம்பி உள்ள எவருக்கும் இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-ல் எச்சரித்தது. கருவியை அணைத்து வைத்தாலும் ஆபத்து நீங்காது.

கர்ப்பிணிகளும், சிகிச்சைக்குரிய இடத்தில் புற்றுநோய் உள்ளவர்களும் இதன் பக்கமே போகக் கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

சரி, இவ்வளவு பத்தியத்துக்கும் பலன் உண்டா? இறுகிய தசை தளரும். மூட்டு சிறிது நேரம் சுலபமாக அசையும். ஆனால் தேய்ந்த மூட்டை இந்தச் சூடு புதுப்பித்துவிடாது. மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சை தேகப்பயிற்சிதான் என்றும், விட்டுவிட்டுப் பாய்ச்சும் சிற்றலைச் சிகிச்சைக்குப் போதிய ஆதாரம் இல்லையாதலால் அதைக் கொடுக்க வேண்டாம் என்றும் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2022-ல் கூறிவிட்டது. ஆகவே, டாக்டர் டயாதெர்மி எழுதிக் கொடுத்தால், "இதோடு நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?" என்று கட்டாயம் கேளுங்கள். சூடு தருகிற சுகம் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். அதற்குள் காலை நீட்டி மடக்கிப் பழகினால்தான் கொடுத்த காசுக்கு லாபம்.