எலியின் மேல் பழியா?

சுட்டெலி சற்றே நின்றால் போதும், புதியது வாங்க எஸ்.பி. ரோட்டுக்கு ஓடுகிறோம். ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணம் அதற்குத்தானா? ஆராய்ச்சி மாணவர் என மார்தட்டும் நாம், விசாரணையின்றித் தண்டனை வழங்கலாமா?

எலியை முதலில் வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றம் எலியினுடையதன்று. முன்பக்கத் துளை, பெட்டிக்குள் ஒரு கம்பி வழியாகவே மதர்போர்டை அடைகிறது. பின்பக்கத் துளையோ போர்டிலேயே அமைந்தது. கீபோர்டுக்கும் எலிக்கும் பின்பக்கமே நம்பகமானது. தனி மின்சாரமில்லாத ஹப்பில் நான்கு கருவிகளைத் தொங்கவிட்டால், யுஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லி ஆம்பியரை நான்கும் பங்கிட்டாக வேண்டும். பந்தியில் ஒருவன் பட்டினி கிடக்கமாட்டானா?

கம்பியில்லா எலியின் வழக்கு விந்தையானது. யுஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதியது. பெரும்பாலான கம்பியில்லா எலிகள் பேசுவதும் அதே வரிசையில்தான்! பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க் கூச்சலிட, பாவம், எலியின் குரல் எப்படிக் கேட்கும்? எலியின் ரிசீவரை நீட்டிப்புக் கம்பியில் மாட்டிச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? சரி, எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்படுங்கள். கன்னடத்தில் நான்கு சொல் கற்றுக்கொண்டு போங்கள், பேரத்துக்கு உதவும்.